தினமும் ரீபில்டு போட்டா சரியாகுமா? பதில்

ஞாயிறு எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல இண்டெக்ஸ் ரீபில்டு (டேட்டாவை சீக்கிரம் தேட உதவற இண்டெக்ஸை புதுசா கட்டறது) ஓடுனா திங்கள் ரிப்போர்ட் பறக்குது, வியாழன் வந்தா படுத்துடுது, அதனால மேனேஜர் தினமும் ரீபில்டு போடச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. அவசரப்படாதீங்க ப்ரோ. எஸ்க்யூஎல் சர்வர்ல ரீபில்டு பண்றப்ப அந்த இண்டெக்ஸோட ஸ்டாட்டிஸ்டிக்ஸும் (எந்த மதிப்பு எத்தனை ரோல இருக்குங்கற கணக்கு) முழுசா படிச்சு புதுசாயிடும் (இண்டெக்ஸை லேசா ஒழுங்குபடுத்தற ரீஆர்கனைஸ்ல ஆகாது), வேகம் வந்தது பெரும்பாலும் அதனாலதான், ஃபிராக்மென்டேஷன் (இண்டெக்ஸ் பக்கங்கள் சிதறிக் கெடக்கறது) மேல வீண் பழி.

நீங்க சொன்ன 2012 வெர்ஷன்ல 1 கோடி ரோ இருக்கற டேபிளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆட்டோ அப்டேட் கிளம்பணும்னா 20 சதவீதம் பிளஸ் 500, அதாவது 20 லட்சத்துக்கு மேல மாறணும், நாலு நாள்ல எங்க மாறப்போகுது? டிரேஸ் ஃபிளாக் 2371-ங்கற சர்வர் செட்டிங் போட்டா இந்த வரம்பு நல்லாவே குறையும். அதுவரைக்கும் புதன், வியாழன் தேதியெல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸோட ஹிஸ்டோகிராம்லயே இல்ல, எப்படித் தேடணும்னு முடிவு பண்ற ஆப்டிமைசர் ஒரே ஒரு ரோ வரும்னு நெனச்சு நெஸ்டட் லூப் (ஒவ்வொரு ரோவா தேடிச் சேர்க்கற முறை) போடும், வர்றது லட்சக்கணக்குல.

அடுத்த வியாழன் ஸ்லோவா இருக்கறப்பவே ஆக்சுவல் பிளானை (குவெரி நிஜமா எப்படி ஓடுச்சுங்கற படம்) சேவ் பண்ணுங்க, எஸ்டிமேட் ரோவும் ஆக்சுவல் ரோவும் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாருங்க, அப்புறம் ரீபில்டைத் தொடாம அந்த டேபிளுக்கு மட்டும் அப்டேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஃபுல்ஸ்கேன் ஓட்டிட்டு, திரும்ப ரிப்போர்ட் ஓட்டி அந்த பிளானையும் சேவ் பண்ணுங்க. அதுக்கப்புறமும் எஸ்டிமேட் தள்ளியே இருந்து ஸ்லோன்னா பேராமீட்டர் ஸ்னிஃபிங்கா (ஒரு மதிப்புக்குப் போட்ட பிளானையே வேற மதிப்புக்கும் ஓட்டறது) இருக்கலாம், அது வேற கதை.

மேனேஜர்கிட்ட மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வாதாடாதீங்க, ரெண்டு பிளானையும் தனியா மெயில்ல போடுங்க, அவரே ஜாபை மாத்தச் சொல்வார்.