கிழிந்த குடையும் பழைய ஜீன்ஸும் போதும்

கேள்வி: என் ஏழு வயது மகன் லீவு விட்டால் தாத்தாவின் தோப்பே கதி என்று கிடக்கிறான். கல், விதை, இறகு என்று கண்டதையெல்லாம் டவுசர் பையில் திணித்துக்கொண்டு வருகிறான். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்தேன். இரண்டே நாளில் பட்டை பிய்ந்துவிட்டது. வீட்டில் அவன் அப்பாவின் பழைய ஜீன்ஸ், கம்பி உடைந்த குடை, அரிசிப் பை, போன வருட ஸ்கூல் பேக் எல்லாம் சும்மா கிடக்கின்றன. மிதி மெஷினும் இருக்கிறது. உருப்படியாக ஒரு பை தைக்க வழி சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பிய்ந்த பையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பட்டை அறுந்திருக்காது, பட்டையைத் தைத்த இடத்தில் துணிதான் கிழிந்திருக்கும். பையின் மொத்த எடையும் அந்த இரண்டு விரல்கடை இடத்தில்தான் தொங்குகிறது. மற்ற இடங்களில் தையல் கோணினாலும் பரவாயில்லை, அங்கே மட்டும் நேரம் செலவழியுங்கள்.

இன்னொன்று. மரம் ஏறும் பிள்ளைக்குக் குறுக்கே மாட்டும் ஒற்றைப் பட்டைப் பை வேண்டாம். என் மகனுக்கு முதலில் அப்படித்தான் தைத்தேன். கொய்யா மரத்திலிருந்து இறங்கும்போது பட்டை கிளையில் மாட்டி, கழுத்தை இறுக்கிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றதால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே அதைப் பிரித்துவிட்டு, முதுகில் மாட்டும் இரட்டைப் பட்டையாக மாற்றினேன். கழுத்தருகே தொங்கும் நாடாவும் வைக்காதீர்கள்.

இப்போது ஜீன்ஸை எடுங்கள். தொடைப் பக்கத்தில் 36 செ.மீ. நீளத்துக்கு ஒரு கால் துண்டு வேண்டும். ஒரு ஓரத்தில் இரட்டை வரித் தையல் கெட்டியாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். மறு ஓரத்தைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். குழாயாக இருக்கும்போது மிதி மெஷினில் பட்டையும் பாக்கெட்டும் தைக்க முடியாது. எல்லாவற்றையும் விரித்த துணியிலேயே தைத்துவிட்டு, கடைசியில் பக்கத்தையும் அடியையும் மூடுங்கள்.

பட்டைக்குப் பழைய ஸ்கூல் பேக்கின் பட்டைகளையே வெட்டி எடுங்கள், நீளம் கூட்டிக் குறைக்கும் பக்கிளோடு. ஜீன்ஸிலேயே பலமான பாகம் அதன் இடுப்புப் பட்டை. அதில் ஒரு துண்டை முதுகுப் பக்கத்தின் உள்ளே, வாயிலிருந்து நான்கு விரல் கீழே, படுக்கைவாட்டில் வையுங்கள். பட்டையின் மேல் நுனி, ஜீன்ஸ் துணி, இடுப்புப் பட்டை மூன்றையும் சேர்த்து ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேலேயே இன்னொரு சுற்று. கீழ் நுனிகளை அடித்தையலுக்குள் செருகி மூன்று முறை ஓட்டிவிட்டால் போதும்.

இதற்கு 16-ஆம் நம்பர் ஊசி வேண்டும், நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். கனமான இடம் வரும்போது மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேடு ஏற முடியாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம் சாய்ந்தால் ஊசி முறியும். அப்போது மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றைப் பாதத்தின் பின்பக்கம் அடியில் கொடுத்தால் பாதம் சமமாக நிற்கும்.

குடைத்துணி மேல்மூடிக்கு, தூறலுக்குத் தாங்கும். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மறையாது, அதனால் துணிக் கிளிப் போட்டுப் பிடியுங்கள். குடையை மடித்துச் சுற்றிக் கட்டும் சின்னப் பட்டை இருக்கிறதே, அதை வீசிவிடாதீர்கள். பையின் பக்கவாட்டில் தைத்தால் பையன் பொறுக்கும் குச்சியைச் செருகிக்கொள்வான். மூடிக்கு வெல்க்ரோவே நல்லது. ஜிப் வைத்தால் மண் புகுந்து ரன்னர் நகராது.

அரிசிப் பையை வெளியே போடாதீர்கள். வெயில் பட்டுப் பட்டுத் தூள் தூளாக உதிரும். உள்ளே அடியில் கெட்டிக்காக ஒரு துண்டு வையுங்கள், போதும். வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும்; ஊதுபத்தி நெருப்பால் மெல்ல இழுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள், பையன் கையில் கொடுக்க வேண்டாம்.

வெங்காயம் வரும் வலைப்பையில் வெளிப் பாக்கெட் ஒன்று. ஈரக் கல்லும் நத்தை ஓடும் அதில் கிடந்தால் மண் உதிர்ந்து, காற்றில் காய்ந்துவிடும். விதை சேர்க்கும் பிள்ளை என்கிறீர்கள், குன்றிமணியை மட்டும் அவனுக்கு அடையாளம் காட்டி வையுங்கள். சிவப்பும் கறுப்புமாக ஆசை காட்டும். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம்.

பள்ளிப் பைக்கு மத்திய அரசின் 2020 கொள்கை சொல்லும் கணக்கு, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோ பிள்ளை என்றால் 2 கிலோ. இந்தப் பைக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் 4 கிலோ அரிசி போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் அந்தச் சதுரத் தையலைப் பாருங்கள். ஓர் இழை விலகியிருந்தாலும் பிரித்துவிட்டு, அவன் எழுந்திருப்பதற்குள் மறுபடி தைத்துவிடுங்கள்.