நன்றி போட்டால் அனுமதி ஆகிவிடாது: கல்லூரிப் பதிப்புரிமை கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரிகளிலிருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எதை, எவ்வளவு, யாருக்காக எடுக்கிறீர்கள் என்ற விவரம் இல்லாத கடிதங்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. "ஒரு புத்தகத்தைப் பயன்படுத்தலாமா?" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது?

பரிந்துரைத்த புத்தகங்களை வாங்க மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கலாமா? டெல்லித் தீர்ப்புக்குப் பிறகு எல்லாமே சரி என்கிறார்களே?
- முதுகலை மாணவி, திருச்சி

அந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் அதிகம், படித்தவர்கள் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்காகப் பல புத்தகங்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை அந்தக் கடை தொகுத்துக் கொடுத்தது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அலசப்பட்டது பாடத்துக்கான தொகுப்பு. உங்கள் சொந்தப் படிப்புக்கு வேண்டிய அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள், தயக்கம் வேண்டாம். கடைக்கடையாக முழுப் புத்தகத்தையும் பைண்டு செய்து அடுக்கி விற்பதற்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

பத்து சதவீதம் வரை எடுத்தால் பிரச்சினை இல்லைதானே?
- ஆய்வு மாணவர், மதுரை

இல்லை. நீங்கள் சொல்லும் பத்து சதவீதம், கருத்துத் திருட்டு பற்றிய 2018ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறையில் வருவது. மற்றவர் எழுத்தோடு அதுவரையிலான ஒற்றுமைக்கு அங்கே தண்டனை இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் சதவீதக் கணக்கே கிடையாது. நாலு வரிக் கவிதையை முழுதாக எடுப்பதும் நானூறு பக்கப் புத்தகத்தில் நாலு பக்கம் எடுப்பதும் ஒன்றா? ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் எண்ணை வைத்து உரிமையை முடிவு செய்யாதீர்கள். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

யூடியூபில் 30 விநாடிக்குள் பாட்டைப் போட்டால் ஃபேர் யூஸ் (அனுமதி தேவைப்படாத நியாயமான பயன்பாடு) என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
- கல்லூரி மீடியா கிளப், கோயம்புத்தூர்

அப்படி ஒரு விதி நம் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. ஃபேர் யூஸ் என்பதே அமெரிக்க ஏற்பாடு. நமக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி, கற்பித்தல் என்று எதற்கெல்லாம் விலக்கு உண்டென்று அது வரிசையாகச் சொல்கிறது. உங்கள் வேலை அந்த வரிசையில் எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள்.

ஆண்டு விழாவில் மாணவர்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா?
- உதவிப் பேராசிரியர், வேலூர்

பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் ஆடலாம். டிக்கெட் போட்டு வெளியாட்களை அழைக்கும் கல்ச்சுரல்ஸ், இணையத்தில் நேரலை இரண்டும் அந்த வட்டத்தைத் தாண்டியவை. அதற்கு உரிமம் வாங்குங்கள்.

எங்கள் தன்னாட்சிக் கல்லூரியின் பொதுத்தமிழ்ப் பாடநூலில் எட்டு நவீன எழுத்தாளர்களின் சிறுகதைகளைச் சேர்த்திருக்கிறோம். கல்விக்காகத்தான். "நன்றி: ஆசிரியர்கள்" என்றும் அச்சிட்டிருக்கிறோம். போதும்தானே?
- தமிழ்த்துறை, தென்மாவட்டக் கல்லூரி ஒன்று

போதாது. இந்தக் கேள்வி ஆண்டு தவறாமல் வருகிறது. அதுவும் புத்தகம் அச்சாகிய பிறகே வருகிறது.

வகுப்பில் ஆசிரியர் ஒரு கதையை நகலெடுத்துக் கொடுப்பது கற்பித்தல். அதே கதையை ஆயிரம் பிரதி அச்சிட்டு, விலை வைத்து, மாணவர் எல்லோரையும் வாங்க வைப்பது பதிப்பித்தல். பாடத்தொகுப்பு வெளியிடச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது, ஆனால் மிகக் குறுகியது. தொகுப்பில் பெரும்பகுதி உரிமைக்காலம் முடிந்த படைப்பாக இருக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து சிறு பகுதிகள்தான் எடுக்கலாம். ஒரே எழுத்தாளரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டில் இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு முழுக் கதைகள் இதில் எப்படி அடங்கும்?

தன் கதை பாடமானதையே மாணவர் யாராவது தேர்வுக்குச் சந்தேகம் கேட்டுப் போன் செய்த பிறகுதான் அறிந்துகொள்ளும் எழுத்தாளர்கள் தமிழில் உண்டு. கல்லூரியில் கேட்டால், "பாடமாக வைத்ததே பெருமைதானே" என்பார்கள். அச்சகத்துக்குப் பணம், தாளுக்குப் பணம், பைண்டிங்குக்குப் பணம். எழுதியவருக்கு மட்டும் பெருமை. இது அநியாயம். போதாததற்குக் கதையை நீளம் கருதி வெட்டுவதும், வட்டார வழக்கைப் "பிழை" என்று திருத்துவதும் நடக்கிறது. படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கேடு விளைவித்தால் தடுக்கும் உரிமையை 57ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது. உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகும் அது அவரிடமே இருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. உரிமை யாரிடம் என்று விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தக் கதை, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, என்ன தொகை. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொகை சில ஆயிரமாக இருந்தாலும் கொடுங்கள், இரண்டு பிரதி அனுப்புங்கள். உங்கள் புத்தகம் அச்சாகிவிட்டது என்பதால் இப்போதே எட்டுப் பேருக்கும் எழுதுங்கள். அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

பாரதியார் கவிதையைக் கல்லூரி மலரில் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
- மாணவர் ஆசிரியர் குழு, தஞ்சாவூர்

யாரிடமும் வேண்டாம். 1949இல் அரசு உரிமையை வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு ஆனாலும் உரிமைக்காலம் முடிந்துவிடும். மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணுங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. ஆனால் கவிதைக்கு ஒருவர் எழுதிய விளக்க உரையோ ஆங்கில மொழிபெயர்ப்போ சேர்த்தால், அதற்குத் தனி உரிமை உண்டு.

பார்வையற்ற மாணவருக்காக முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து கொடுக்கலாமா? நூலகத்தில் மறுக்கிறார்கள்.
- நாட்டு நலப்பணித் திட்ட மாணவி, சேலம்

தாராளமாக. 2012 திருத்தம் இதற்கு வழி செய்துவிட்டது. லாப நோக்கம் இருக்கக் கூடாது, கோப்பு மற்றவர்களிடம் பரவக் கூடாது, அவ்வளவுதான். சட்டத்தின் 52(1)(இசட்பி) உட்பிரிவை அச்செடுத்து நூலகரிடம் கொடுங்கள். அதன் பிறகும் மறுத்தால் முதல்வரிடம் எழுத்தில் போங்கள். பரீட்சைக்கு முன்னால் அந்த மாணவர் கையில் புத்தகம் இருக்க வேண்டும்.

ஸ்லைடுகளில் "நன்றி: கூகுள்" என்று போடுகிறேன். சரியா?
- பேராசிரியர், சென்னை

கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுத்தவர் பெயரைத் தேடிப் போடுங்கள். வகுப்பறைக்கு அது போதும். அதே ஸ்லைடுகளைப் புத்தகமாக்கும்போது அனுமதியும் வேண்டும்.

என் கட்டுரை வெளிவந்த ஆய்விதழ், அதன் பிடிஎஃப்பைக் கல்லூரி இணையதளத்தில் போடக் கூடாது என்கிறது. எழுதியவன் நான் அல்லவா?
- இணைப் பேராசிரியர், திருநெல்வேலி

எழுதியவர் நீங்கள். உரிமையை எழுதிக் கொடுத்தவரும் நீங்கள். கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் படியுங்கள். பல ஆய்விதழ்கள், ஏற்கப்பட்ட கைப்பிரதியை, அதாவது இதழின் அச்சு வடிவம் பெறாத உங்கள் பிரதியை, சில மாதங்கள் கழித்துப் போட அனுமதிக்கின்றன. அடுத்த கட்டுரைக்குக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.