வாசகர் கேள்வி – பதில்: பெரிய ரோட்டில் சைக்கிள்

கேள்வி: காலையில் சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி வரை கார் ஓட்டிப் பாருங்கள், தெரியும். பஸ்ஸும் தண்ணி லாரியும் போகிற ரோட்டில் சைக்கிளுக்கு என்ன வேலை? அவர்கள் உயிருக்காகவே தடை போடலாமே? (சென்னை-15 வாசகர்)

பதில்: தடை போட்டால் அவர் எந்த வழியாகப் போவார்? நடுவில் அடையாறு ஓடுகிறது. மறைமலையடிகள் பாலத்தை விட்டால் கிழக்கே கோட்டூர்புரம் பாலம், மேற்கே ஈக்காட்டுத்தாங்கல் பக்கம். அங்கும் இதே நெரிசல்தான். சந்து வழியாக ஆற்றைத் தாண்ட முடியாது. கொல்கத்தாவில் 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடுத்தார்கள். பால்காரரும் பேப்பர்காரரும் பிழைப்பை விடவா முடியும்? எதிர்ப்பு வந்ததும் பட்டியலைச் சுருக்கினார்கள்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 138(1ஏ) பிரிவின்படி, மோட்டார் இல்லாத வண்டிகள் எங்கே போகலாம் என்று மாநில அரசு விதி வகுக்கலாம். மும்பை–புனே விரைவுச்சாலை போல, ஓரத்தில் கடையோ வீடோ இல்லாத சாலையில் தடை நியாயமே. அங்கே பைக்கையே விடுவதில்லை. ஊருக்குள் ஓடும் சாலைக்கு அது பொருந்தாது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிளை இலவசமாகக் கொடுப்பதும் அரசு, ரோட்டை மூடுவதும் அரசு என்றால் எப்படி?

ஆபத்து வேக வித்தியாசத்தில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு விநாடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில்கூட இன்னும் 20 மீட்டராவது வேண்டும். 40 கி.மீ. என்றால் மொத்தமே சுமார் 20 மீட்டர்தான். ஆகவே தடை போடுவதானால் வேகத்துக்குப் போடுங்கள்.

கேள்வி: மகள் பெரிய ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். "ஓரமாப் போம்மா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்லலாம்? (செங்கல்பட்டு வாசகி)

பதில்: முதலில் அந்த "ஓரமா"வைத் திருத்துங்கள். விளிம்பிலிருந்து இரண்டரை, மூன்று அடி உள்ளே ஓட்டட்டும். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, பக்கத்து மண் தாழ்ந்து கிடக்கும். ஹாரன் சத்தத்துக்குப் பயந்து மண்ணில் இறங்கிவிட்டு, ஓடுகிற வேகத்திலேயே சாய்வாக ஏறப் பார்த்தால் முன்சக்கரம் விளிம்போடு உரசி வழுக்கும்; பிள்ளை விழுவது வலப்பக்கம், வண்டிகள் வருகிற பக்கம். இறங்கிவிட்டால் நின்று, தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே இருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்க இடைவெளியில் நுழையவே கூடாது. நீள வண்டி இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்னால் எவ்வளவு இடம் விட்டுத் திரும்பினாலும் அப்படித்தான். பின்னால் நிற்பதே மேல். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போனால் கதவு திறந்து இடிக்கும். அங்கும் மூன்றடி தள்ளிப் போகட்டும்.

இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துவரச் சொல்லுங்கள். முழுக்க அழுத்தியும் பிரேக் லீவர் ஹேண்டில் பாரைத் தொட்டால் கம்பியை இறுக்க வேண்டும். டியூஷன் முடிந்து இருட்டில் வருவாளானால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ரிஃப்ளெக்டர் மேலே வெளிச்சம் பட்டால்தான் மின்னும், சேறு படிந்தால் அதுவும் இல்லை. ஹேண்டில் பாரில் பை தொங்கக் கூடாது.

கேள்வி: தனிப்பாதை போட்டால் பைக்கை நிறுத்திவிடுகிறார்களே? (கோவை வாசகர்)

பதில்: வெறும் பெயின்ட் கோடு என்றால் நிறுத்தத்தான் செய்வார்கள். இரண்டு மீட்டர் அகலமும் இடையில் திட்டும் இருந்தால் கார் ஏறாது. பைக் ஏறும், சைக்கிள் நுழைகிற சந்தில் அதுவும் நுழைந்துவிடும். அதற்கு அபராத ரசீதுதான்.