அறை உறுதி, எண் பிறகு

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மெல்பேர்னில் இருக்கும் எங்கள் மகன், பொங்கல் கழிந்ததும் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வரும் நான்கு இரவுக் கப்பல் பயணமொன்றை எனக்கும் கணவருக்கும் என் அம்மாவுக்கும் ஒழுங்குசெய்து தந்திருக்கிறான். எங்கள் மூவருக்கும் இதுவே முதல் தடவை. இரண்டு பல்கனி அறைகளுக்குப் பணம் முழுவதும் கட்டியாயிற்று. பயணத்துக்கு இன்னும் 23 நாட்களே இருக்கின்றன. ஆனால் அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜீ.ரீ.வை.' என்ற மூன்று எழுத்துகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் முகவரை அழைக்கிறேன். "வரும் மிஸ், யோசிக்காதேங்கோ" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவுக்கு 79 வயது, இரண்டு முழங்கால்களிலும் வலி. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போனாலே தலைசுற்றும். அறையில்லாமல் துறைமுகத்தில் நிற்க நேருமா? இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்குமா? மேலதிகமாகப் பணம் கொடுத்தாவது நல்ல இடமாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டிகளோடு துறைமுகத்தில் நிற்க நேரிடும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்த மூன்று எழுத்துகளும் 'உத்தரவாதம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். நீங்கள் பணம் கட்டிய வகையில் ஓர் அறை, அல்லது அதைவிட மேலான வகையில் ஓர் அறை, உங்களுக்கு உண்டு. அது எந்தத் தளத்தில், எந்த மூலையில் என்பதை மட்டும் கப்பல் நிறுவனம் தீர்மானிக்கும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போகும்போது சில வேளைகளில் "சீட் இருக்கு, நம்பர் ஏறும்போது சொல்லுவம்" என்பார்களே, ஏறக்குறைய அதே கதைதான். மிக அரிதாக, அளவுக்கு மிஞ்சி விற்றுவிட்ட நிறுவனம் வேறு திகதியில் போகச் சம்மதமா என்று பயணிகளிடம் முன்கூட்டியே கேட்பதுண்டு. அப்படிக் கேட்பதென்றாலும் சலுகையோடு கேட்பார்களே தவிர, கடைசி நிமிடத்தில் கையை விரிப்பது வழக்கமில்லை.

எண் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்பது விளங்கினால், முகவரை நாளாந்தம் அழைக்கும் வேலையும் குறையும். கப்பல் நிறுவனங்கள் மீதிப் பணத்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே வாங்கிவிடுகின்றன. அந்தத் திகதியை ஒட்டித்தான் பலர் பயணத்தைக் கைவிடுகிறார்கள். அதன் பிறகு, மூன்று நான்கு படுக்கைகள் தேவைப்படும் குடும்பங்கள், சக்கரநாற்காலி நுழையக்கூடிய அறை வேண்டியவர்கள், தாங்களே அறையைத் தெரிந்தெடுத்துக் கூடுதல் பணம் கட்டியவர்கள் என்று எல்லோரையும் அமர்த்தியது போக, மிஞ்சும் அறைகளையே உங்களைப் போன்றவர்களுக்குப் பகிர்கிறார்கள். ஆகவே எண் இன்றிரவும் வரலாம், புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரும் வரலாம், சிலருக்குத் துறைமுகத்தில் பதிவு செய்யும் மேசையிலேயே கிடைப்பதும் உண்டு. முகவரின் கையில் இதில் ஒன்றுமே இல்லை. அவர் பார்க்கும் திரையிலும் உங்களுக்குத் தெரியும் அதே மூன்று எழுத்துகள்தான் தெரிகின்றன.

விலை குறைவாக இருந்ததற்கான காரணமும் இதுவே. தெரிந்தெடுக்கும் உரிமையை உங்கள் மகன், அநேகமாகத் தெரியாமலேயே, விற்றுவிட்டார். நான் முதன்முதலில் கப்பலேறியபோதும் என்னிடம் இதே மூன்று எழுத்துகள்தான் இருந்தன. நான்கு நாட்களுக்கு முன்னர் எண் வந்த சந்தோஷத்தில் அது கப்பலின் எந்தப் பகுதி என்று பார்க்கத் தோன்றவில்லை. முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தலைக்கு நேர் மேலே இரும்புக் கால்களை இழுக்கும் ஓசை கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். என் அறை நீச்சற்குளத் தளத்துக்குச் சரி கீழே இருந்தது. பணியாளர்கள் சாய்கதிரைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, தளத்தைக் கழுவி, மறுபடி ஒவ்வொன்றாக இழுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேசையில் முறையிட்டபோது அங்கிருந்த பெண், கப்பல் நிறைந்துவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, காதில் வைக்கும் அடைப்பான் இரண்டு சோடி எடுத்துத் தந்தார். மிஞ்சும் அறை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நீச்சற்குளத்துக்குக் கீழே, அரங்குக்கு மேலே, கப்பலின் முனையில், அல்லது பக்கத்து அறையின் இருமல்கூடக் கேட்கும் இணைப்புக் கதவோடு. நடுத்தளத்தில் அமைதியான அறையும் கிடைக்கக்கூடும். அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

உங்களுக்கும் கணவருக்கும் மட்டுமான பயணமென்றால், பஞ்சு ஒரு சுருள் எடுத்துக்கொண்டு பேசாமல் காத்திருங்கள் என்று இந்த இடத்திலேயே முடித்திருப்பேன். அம்மா வருவதால்தான் இன்னும் எழுதுகிறேன்.

தலைசுற்றலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். கப்பல் அலையில் ஆடும்போது, பிள்ளைகள் விளையாடும் சீசோப் பலகை போல இரு முனைகளும் அதிகமாக ஏறி இறங்கும், நடுப்பகுதி குறைவாக அசையும்; பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக் கூடப் பெரிதாகத் தெரியும். ஆகவே கீழ்த்தளங்களின் நடுப்பகுதியே நிதானமான இடம் என்பது உண்மைதான். ஆனால் நயினாதீவுப் படகையும் இந்தக் கப்பலையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பெரிய கப்பல்களின் அடிப்பகுதியில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டு. சுமாத்திராத் தீவின் மறைவில் கிடக்கும் மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல். புக்கெட்டை அண்டிய கடலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான் பொங்குமே தவிர, நீங்கள் போகும் தை மாதத்தில் அல்ல. குமட்டலுக்கான மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றுள் பல, வயதானவர்களுக்குக் கடும் தூக்கத்தையும் சில வேளைகளில் மனக்குழப்பத்தையும் கொண்டுவருவதால், அம்மாவின் வழக்கமான மருந்துகளை அறிந்த வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

முழங்கால்தான் உண்மையான விடயம். அதைக் கப்பல் நிறுவனத்துக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். பழைய கப்பல்களின் சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் கால் தூக்கிக் கடக்க வேண்டிய படி போன்ற விளிம்பொன்று இருக்கும். உள்ளே இருவர் நிற்க இடமிராது. இதைவிட முக்கியமானது அவசரகாலம். 2012 தை மாதம் இத்தாலியக் கரையோரத்தில் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சரிந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலர், ஆபத்து நேர்ந்தால் எங்கே கூடுவது என்று காட்டும் பாதுகாப்பு ஒத்திகையில் பங்குபற்றியிருக்கவில்லை. அதன் பின்னர் சர்வதேச விதி மாற்றப்பட்டு, 2015இலிருந்து கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயணிகள் ஒத்திகையை முடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ஒத்திகையில் காட்டப்படும் ஒன்றுகூடும் இடம், அறை எண்ணை வைத்தே தரப்படுகிறது. அவசரமென்றால் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது, படிகளால்தான் போக வேண்டும். நடக்கச் சிரமப்படுபவர் என்று முன்கூட்டியே பதிந்திருந்தால், அவரை அழைத்துச்செல்லப் பணியாளர் ஏற்பாடு இருக்கும்.

ஆகவே நாளைக் காலை முகவரை அழைக்கும்போது எண் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அம்மாவின் முழங்கால் நிலையை நிறுவனத்தின் விசேட உதவிப் பிரிவுக்கு எழுத்தில் அறிவிக்கும்படியும், துறைமுகத்தில் சக்கரநாற்காலியும் குளிக்கும்போது உட்கார ஒரு முக்காலியும் கேட்கும்படியும், பதில் வந்ததும் அதன் பிரதியை உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்படியும் சொல்லுங்கள்.

பக்கத்து அறைகள் கிடைக்குமா என்றால், அதை எதிர்பார்க்க வேண்டாம் என்பதே நேர்மையான பதில். இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட முகவரால் முடியும். அதனால் சாப்பாட்டு மேசை ஒன்றாகலாம், அறைகள் அருகருகே அமையும் என்ற உறுதி வராது. ஒன்று ஐந்தாம் தளத்தின் முன்பக்கத்திலும் மற்றது பத்தாம் தளத்தின் பின்பக்கத்திலும் அமைந்தாலும் முறையிட இடமில்லை. ஆனால் இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வழக்கமாகப் பிள்ளைகள் பெற்றோரை ஓர் அறையிலும் பாட்டியைத் தனியாக மற்ற அறையிலும் பதிவார்கள். உங்கள் மகனும் அப்படித்தான் செய்திருப்பார். அதை மாற்றி, நீங்களும் அம்மாவும் ஓர் அறை, கணவர் தனி அறை என்று பெயர்களைப் பதியச் சொல்லுங்கள். கப்பலேறிய பின் நீங்களாகவே மாறிப் படுத்துக்கொள்ளலாம்தான்; ஆனால் அவசரகாலத்தில் ஆட்களை எண்ணுவது பதிவிலுள்ள அறையை வைத்து என்பதால், ஏட்டிலும் சரியாக இருப்பதே நல்லது. இரவு இரண்டு மணிக்கு அம்மா குளியலறைக்கு எழும்பும்போது நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பது, பக்கத்து அறையில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். உங்கள் கணவர் இந்தப் பயணத்தில் தனியாகப் படுப்பதைப் பற்றி என்ன சொல்வாரோ தெரியாது, நான்கு இரவுகள்தானே.

இடையில் ஒன்று: கப்பல் கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் போடப்படுவது வழக்கமாதலால், ஓர் அறையில் ஒருவர் தனியே இருந்தால் அவருக்கு ஏறக்குறைய இரட்டிப்புப் பணம். மூன்று படுக்கை கொண்ட ஓரறையில் மூன்றாமவருக்குக் குறைந்த கட்டணமே வந்திருக்கும். மகனிடம் இப்போது சொல்ல வேண்டாம், அடுத்த தடவை சொல்லுங்கள்.

மேலதிகப் பணம் கொடுத்து மாற்றுவது பற்றி. உங்கள் இரண்டு அறைகளுள் அம்மாவின் அறைக்கு மட்டும் இதை நான் ஆதரிக்கிறேன், அதுவும் தொகை நியாயமாக இருந்தால். முகவரிடம் "எவ்வளவு?" என்று கேளுங்கள், "மாற்றிவிடுங்கள்" என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. மீதிப் பணம் கட்டும் திகதி கடந்துவிட்ட நிலையில், சில நிறுவனங்கள் இதை இன்றைய விலைக்குப் புதிதாக வாங்குவதாகவே கணக்கிடும். பழைய பதிவை இரத்துச் செய்ததாக எடுத்துக்கொண்டு தண்டப் பணம் கழிக்கவும் கூடும். மொத்த வித்தியாசம் எவ்வளவு, எந்த அறை எண், தண்டம் உண்டா என்ற மூன்றும் எழுத்தில் வந்த பின்னர் மகனோடு பேசி முடிவெடுங்கள். மாற்றுவதானால் பல்கனியை விட்டுக்கொடுத்தாவது நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு இருபது முப்பது அடி தூரத்தில் ஓர் அறையை வாங்குங்கள். பெரிய கப்பலின் நடைகூடம் கொழும்பின் காலி வீதி போல நீண்டு கிடக்கும். முழங்கால் நோகும் ஒருவர் அதன் அந்தத்திலிருந்து நாளுக்கு நான்கைந்து தடவை நடப்பது பெரிய தண்டனை. பணம் கூடுதலென்றால் விட்டுவிடுங்கள், சக்கரநாற்காலியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம்.

காத்திருந்தால் பெரிய சொகுசு அறை கிடைக்கும் என்று யாராவது உங்களுக்கு ஆசை காட்டியிருந்தால் நம்ப வேண்டாம். நடப்பதுண்டு, பல்கனி வாங்கியவர்களுக்கு நடப்பது மிகக் குறைவு.

எண் இல்லாமல் கப்பலேறலாம். விசா இல்லாமல் ஏற முடியாது. இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் துறைமுக நாடுகளின் விசாவை நிறுவனம் கேட்கக்கூடும் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவிலும் தாய்லாந்திலும் இன்றைய நிலையில் எது தேவை என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கான இலத்திரனியல் வருகை அட்டையை இறங்குவதற்கு முன்னர், இறங்கும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வரும்போதும் அதை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணித்தியாலம்தான் என்றாலும், ஒரு நாள் முன்னரே போய்விடுங்கள்.

இணையவழிப் பதிவைப் பொதுவாக எண் இல்லாமலே முடிக்கலாம். பெட்டிகளில் கட்டும் அடையாளச் சீட்டுகளை மட்டும் புறப்படுவதற்கு முதல் நாள் அச்சிடுங்கள், ஏனென்றால் ஒரு தடவை வந்த எண்ணையும் நிறுவனம் மாற்றுவதுண்டு. அதுவரை எண் வராவிட்டால், துறைமுகத்தில் சுமைதூக்குபவரிடம் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னர் மேசையில் எண்ணைக் கேட்டுப் பேனையால் பெரிதாக எழுதுங்கள். எண்ணின் முதல் இலக்கம் அல்லது முதல் இரண்டு இலக்கங்கள் தளத்தைக் குறிக்கும். கப்பலின் வரைபடத்தில் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்துசேரப் பொழுதுபட்டுவிடும் என்பதால், அம்மாவின் மருந்துகளும் ஒரு மாற்றுடுப்பும் செருப்பும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.