தகரப் பெட்டியில் கிடைத்த அர்ஜி

கேள்வி: பழைய தகரப் பெட்டியைக் கிளறியபோது, என் தாத்தாவின் பாட்டனார் தலைமுறையில் ஒருவர் எழுதிய அர்ஜி (மனு) கிடைத்தது. தாசில்தாரின் சேவகர்கள் கிஸ்திக்கு மேல் மாமூல் கேட்டார்கள், கொடுக்காததால் தம்பியின் விரல்களுக்குக் கிட்டி போட்டார்கள் என்று புலம்பியிருக்கிறார். ஆனால் ஆரம்பத்திலேயே 'கும்பினி துரையவர்களே தாய் தகப்பன்' என்கிறார். "வெள்ளைக்காரனுக்குக் கூஜா தூக்கியவர்" என்று என் மகன் சொல்கிறான். நடுவில் '௹உயங' என்றும், தேதியில் 'ஆனந்த ௵ தை ௴', 'பசலி தஉளசாயச' என்றும் இருப்பது புரியவில்லை. இதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: அம்மா, மாட்டாதீர்கள். அந்தக் கால இரும்பு மை காகிதத்தை அரிக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும். லாமினேஷன் வேண்டாம், கிழிசலில் செலோடேப்பும் வேண்டாம். இரண்டு பக்கங்களையும் படம் எடுங்கள். ஒருமுறை நேர் வெளிச்சத்தில், இன்னொரு முறை பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும். அந்தப் படத்தை அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தும் பாருங்கள். சீமைக் காகிதமாக இருந்தால் ஆலை முத்திரையோடு தயாரித்த வருஷமும் நீரெழுத்தாகத் தெரிய வாய்ப்புண்டு.

'உயங' என்பது எண். உ என்றால் 2, ய என்றால் 10, ங என்றால் 3. முன்னால் உள்ள ௹ ரூபாய்க் குறி. ஆக 23 ரூபாய். அதே கணக்கில் பசலியை, அதாவது வரிக் கணக்கு வருஷத்தை, படியுங்கள்: த 1000, உள 200, சாய 60, ச 4; மொத்தம் 1264. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். 1264 பசலி 1854 ஜூலையில் தொடங்கியது. தை மாதம் என்பதால் அர்ஜி எழுதியது 1855 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். ௵ வருஷக் குறி, ௴ மாதக் குறி; ஆனந்த வருஷமும் 1854-55தான். இரண்டு கணக்கும் பொருந்துவதால் தேதியில் சந்தேகம் வேண்டாம்.

அந்தத் தேதி சாதாரணமானதல்ல. 1852-இலேயே கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் சென்னை சுதேசி சங்கம் ரெவின்யூ அதிகாரிகளின் கொடுமையைப் பற்றி லண்டன் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பியது. அடுத்த வருஷம் இங்கே வந்த டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினருக்கு, குடியானவர்கள் படும் பாட்டைச் செட்டியார் நேரில் காட்டினார். விஷயம் பார்லிமெண்டில் வெடித்த பிறகு, 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதனிடம் வந்த புகார்கள் 1,959. உங்கள் முன்னோர் எழுதியது அந்த அலையின் நடுவில்தான். கிட்டி பற்றிய வரி கற்பனையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பதுதான் கிட்டி. 1855 ஏப்ரலில் வந்த கமிஷன் அறிக்கையே அதைப் பதிவு செய்திருக்கிறது. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடி வெயிலில் நிறுத்துவதும் அதில் உண்டு.

இதெல்லாம் ஏன் தட்டிக் கேட்க ஆளில்லாமல் நடந்தது என்பதை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். 1816-ஆம் வருஷச் சட்டங்கள் தாசில்தாரைத் தாலுகா போலீஸுக்கும் தலைவராக்கின. கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். வரி வசூலித்தவன் அடித்தால் புகாரை வாங்க வேண்டியவனும் அவனே. பணம் பிடுங்க வாட்டமான இடங்களும் இருந்தன. பயிர் மணி பிடிக்காமல் சாவியாகிப் போனால் ஜமாபந்தியில் (வருஷாந்தர வரிக் கணக்கு முடிப்பில்) வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்கலாம். ஆனால் வயலில் நின்றது சாவியா, அரை விளைச்சலா என்று முதலில் எழுதுவது கர்ணமும் (ஊர்க் கணக்கரும்) தாலுகா ஆளும். கை நனைத்தால் சாவி, நனைக்காவிட்டால் விளைச்சல். கட்டிய கிஸ்திக்கு ரசீது தராமல் இழுத்தடித்து, மறுபடியும் பாக்கி என்று வந்து நிற்பது இன்னொரு வழி. மேலே இருந்த துரைமாருக்கு முழு வசூல் வேண்டும். சேவகனுக்குச் சம்பளம் சொற்பம். எப்படி வசூலானது என்று யாரும் கேட்கவில்லை. கமிஷனும் பழியைக் கீழ்மட்ட உத்தியோகஸ்தர் மீது போட்டுவிட்டு வெள்ளைக்கார அதிகாரிகளை விடுவித்தது. அந்த இடத்தில் அறிக்கை நியாயமாக நடந்துகொள்ளவில்லை. போலீஸை ரெவின்யூவிலிருந்து பிரிக்கும் சட்டம் 1859-இல்தான் வந்தது.

இனி 'கூஜா' விஷயம். 'தாய் தகப்பன்' என்பது அர்ஜி எழுதுகிறவர்களின் வாய்ப்பாடு. கடைசியில் 'கைக்கீறல்' அல்லது 'கைநாட்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் முன்னோர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தத் துதி கூலிக்கு எழுதியவருடையது. 'நிற்க' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதைத்தான் அவருடைய பேச்சாகப் படிக்க வேண்டும். அங்கே அவர் தொகையைச் சொல்கிறார், தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறார். போலீஸ் அதிகாரமும் வைத்திருந்த ஒருவரின் ஆட்கள் மீது, நாளை மறுபடியும் அவர்கள் வாசலுக்கு வருவார்கள் என்று தெரிந்தே புகார் கொடுத்த மனிதரைக் கூஜா தூக்கியவர் என்பது பெரிய அநியாயம்.

பதில் கிடைத்ததா என்று தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முன் அனுமதி வாங்கிச் செல்லுங்கள். 'பசலி 1264' என்று கேட்டால் கிடைக்காது. 1855 என்று கேளுங்கள். ரெவின்யூ போர்டு நடவடிக்கைத் தொகுதிகளின் அட்டவணையில் தென்னாற்காடு ஜில்லாவின் கீழ் மனுக்களைப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் துரைமார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நாலைந்து எழுத்துக்கூட்டலையாவது முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். அங்கே இல்லாவிட்டால் ஜில்லா கலெக்டர் கடிதத் தொகுதிகளைக் கேளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அனுப்பிய அர்ஜி எப்படி உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது? தலைப்பில் 'நகல்' என்று இருந்தால், அசல் போய்விட்டது, இது வீட்டுக்கு வைத்துக்கொண்ட பிரதி. அப்படி இல்லாவிட்டால் தாளைத் திருப்பிப் பின்பக்க மடிப்பைப் பாருங்கள். வேறு கையெழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு மூன்று வரி இருக்கலாம். மனுக்களின் முதுகில் உத்தரவு எழுதி மனுதாரரிடமே திருப்பித் தருவது அன்றைய கச்சேரி (அரசு அலுவலக) வழக்கம். அந்த வரிகளைத் தெளிவாகப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அவரைத் திரும்பவும் அதே தாசில்தாரிடம் போகச் சொன்னார்களா என்று படித்துச் சொல்கிறோம்.