கேள்வி - பதில்: மார்த்தாண்டம் தேனும் ஒய்.எம்.சி.ஏ.வும்

மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பை ஆரம்பித்ததே ஒய்.எம்.சி.ஏ. தான் என்கிறார் என் தாத்தா. சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால் மைதானமும் புத்தகக் காட்சியும்தான் ஞாபகம் வருகிறது. அது கிறிஸ்தவ சங்கமா, விளையாட்டு கிளப்பா, விவசாய அமைப்பா?
- ஒரு வாசகர், தக்கலை

மூன்றும்தான். ஒய்.எம்.சி.ஏ. என்றால் இளைஞர் கிறிஸ்தவ சங்கம் (யங் மென்ஸ் கிறிஸ்டியன் அசோசியேஷன்). 1844-ல் லண்டன் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், தன்னைப் போலவே பிழைப்புக்கு நகரம் வந்து, விடிந்ததிலிருந்து இரவு வரை கடையில் நின்றுவிட்டு அப்புறம் போக்கிடம் இல்லாமல் இருந்த பையன்களைச் சேர்த்து, ஜெபத்துக்கும் பைபிள் வாசிப்புக்குமாக ஆரம்பித்த சங்கம் அது. சென்னைக்கு 1890-ல் வந்தது. நந்தனத்தில் இருக்கும் அதன் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கினார்.

ஆனால் உங்கள் தாத்தா சொல்வதுதான் இதில் பெரிய சங்கதி. சேலத்தில் பிறந்த கே.டி. பால், 1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஜனங்கள் இருப்பது கிராமத்தில், நாம் மட்டும் நகரத்தில் ஹாஸ்டல் நடத்திக்கொண்டிருந்தால் எப்படி என்பதுதான் அவர் வழி. அந்த வழியில் வந்ததுதான் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய மார்த்தாண்டம் மையம். அப்போது அது திருவிதாங்கூர் சீமை. மரப்பொந்தில் புகை போட்டு, அடையைப் பிழிந்து தேன் எடுத்த இடத்தில், மரச்சட்டம் வைத்த பெட்டியில் தேனீயை வளர்த்து, அடை உடையாமல் தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு அதையே திரும்பப் பெட்டியில் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். துண்டு நிலம் வைத்திருப்பவருக்கும் நிலமே இல்லாதவருக்கும் இது கைகொடுத்தது, ஏனென்றால் தேனீ யார் தோட்டம் என்று பார்ப்பதில்லை. கோழி வளர்ப்பும், முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்பதும் கூடவே நடந்தன. இலவசமாக எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை, வேலையைச் செய்பவர் விவசாயி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் மட்டுமே மையத்து ஆள் என்று வைத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் செத்தபோதும் தொழில் அழியாததற்கு, வித்தை ஊர்க்காரர் கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்பேன். இன்றைக்கு ரப்பர் தளிர்விடும் மாதங்களில்தான் அங்கே அதிகம் தேன் கிடைக்கிறது. அதுவும் பூவிலிருந்து இல்லை, இலைக்காம்பில் சுரப்பதிலிருந்து!

மத அமைப்பு நடத்தும் சம்மர் கேம்புக்கு மகனை அனுப்ப நினைக்கிறேன். மதம் மாற்றிவிடுவார்கள் என்று என் மாமியார் பயப்படுகிறார். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

நேரில் போய் தினசரி நிகழ்ச்சி நிரலைக் கேளுங்கள். பிரார்த்தனை உண்டா, உண்டென்றால் கட்டாயமா, பையன் வெளியே உட்கார்ந்திருக்கலாமா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். ராமகிருஷ்ண மடமோ சர்ச்சோ தர்காவோ, ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், மழுப்பினால் அனுப்பாதீர்கள். ஆனால் மாமியாரின் பயத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ராத்திரி பையன்களோடு தங்குவது யார், குளத்தில் இறக்கினால் நீச்சல் தெரிந்த பெரியவர் எத்தனை பேர், பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்கு போன் பண்ண விடுவார்களா? முதலில் இதைக் கேளுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள், அவர் நம்மைவிட நன்றாக விசாரிப்பார்.

வாலிபாலும் ஒய்.எம்.சி.ஏ. கண்டுபிடிப்பாமே?
- ஒரு மாணவர், வடுவூர்

ஆமாம். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் நெய்ஸ்மித் பாஸ்கெட்பாலைக் கொண்டுவந்தார். வயதான உறுப்பினர்களுக்கு அந்த ஓட்டமும் இடியும் ஒத்துவரவில்லை என்று, 1895-ல் பக்கத்து ஊர் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் நடுவில் வலை கட்டி வேறொரு ஆட்டம் அமைத்தார். அதற்கு முதலில் வைத்த பெயர் 'மின்டோனெட்'. நல்லவேளை மாற்றினார்கள், பஞ்சாயத்து மைதானத்தில் "மின்டோனெட் ஆட வர்றியாடா" என்று யார் கூப்பிடுவது?