பீட்டர் புரூக்கை ஏன் இவ்வளவு பெரிய நாடக இயக்குநர் என்கிறார்கள்?

மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாகப் போட்ட வெள்ளைக்காரர் என்றுதான் எனக்கும் அவர் அறிமுகம். ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது, மேடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனதற்காக.

1925இல் லண்டனில் பிறந்தவர். 21 வயதில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அவருடைய நாடகத்தை இயக்கினார். அடுத்து லண்டனின் கோவென்ட் கார்டன் ஆப்பரா (இசைநாடக) அரங்கு, அங்கே ஓவியர் சால்வடார் டாலி மேடை வடிவமைத்த ‘சலோமி’ என்று ஆடம்பரமான வருடங்கள்.

1962இல் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’. கண்கள் பிடுங்கப்பட்ட குளோஸ்டர் என்ற கிழப் பிரபுவுக்கு வேலைக்காரர்கள் மருந்திடும் சில வரிகள் அதில் உண்டு. புரூக் அதை வெட்டிவிட்டார். குருடான கிழவர் தட்டுத் தடுமாறுகிறார், மேடையை ஒழுங்குசெய்பவர்கள் அவரை இடித்துக்கொண்டு போகிறார்கள். அப்போதே பார்வையாளர் பக்கத்து விளக்குகளையும் புரூக் போட்டுவிட்டார். இருட்டில் உட்கார்ந்து ‘ஐயோ பாவம்’ சொல்ல யாருக்கும் வழியில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1970இல், பெரும்பாலும் காட்டில் நடக்கும் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’: மேடையில் காடே கிடையாது, ஒரு வெள்ளைப் பெட்டியும் ஊஞ்சல்களும்தான். இங்கிலாந்தே கொண்டாடிய நேரத்தில் பாரிஸுக்குப் போய்விட்டார். பல நாட்டு நடிகர்களோடு ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஒரு கம்பளத்தை விரித்து, அதையே மேடையாக வைத்து நடித்தார்கள். 1974இல், பாரிஸில் பாழடைந்து கிடந்த பூஃப் து நோர் என்ற பழைய நாடக அரங்கைத் திறந்தபோதும் உரிந்த சுவர்களுக்குப் பூச்சு பூசவில்லை.

பிறகுதான் மகாபாரதம், 1985, பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகருக்கு அருகே ஒரு கல்குவாரியில். ஒற்றைச் சக்கரம் உருண்டால் அது தேர். கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? அதனாலேயே எனக்கு நெருக்கமாக இருந்தது. இதன் படவடிவத்தைத்தான் நான் பார்த்தேன். மல்லிகா சாராபாய் திரௌபதி. பீஷ்மராக மேற்கு ஆப்பிரிக்காவின் கதைசொல்லி மரபில் வந்த சோத்திகி குயாத்தே. அந்த நெடிய உருவத்தைத் தவிர வேறொரு பீஷ்மர் இப்போது எனக்கு மனதில் வருவதில்லை. இதிகாசத்தை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார் என்று இந்திய நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா கடுமையாக எழுதினார். அதில் நியாயம் உண்டு, கீதை வரும் இடம் எனக்கும் மெலிந்தே தெரிந்தது.

2015இல், 90 வயதில், மறுபடி அதே கதைக்கு வந்தார். போர் முடிந்த பின் தருமன் படும் துயரம் மட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். நான்கு நடிகர்கள், ஒரு முரசு.